ஆம்பூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு: ஒரு தோல் சாலையின் கதை

மலர்க் குழுவினர் போன் செய்து, "நீ அடிக்கடி பாண்டிச்சேரி போயிட்டு வர்றியாமே, அதைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடேன்" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பாண்டிச்சேரி என்றதும் நம் பழைய மாணவர்கள் மனதில் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியாதா! ஆனால் அன்பு நண்பர்களே, நான் போவது வேறு காரியத்துக்கு. மாதத்தில் ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை, கார் டிக்கியில் கத்திகளோடு போகிறேன். பயப்பட வேண்டாம், எல்லாம் தோல் பிளக்கும் மெஷினுக்கும் தோல் ஓரம் சீவும் மெஷினுக்குமான கத்திகள். பாண்டியில் இருக்கும் பை தைக்கும் பட்டறைகளுக்கு அவற்றைச் சாணை பிடித்துக் கொடுப்பதும், மெஷின்களைச் சரி பார்ப்பதும் என் பிழைப்பு. மெக்கானிக்கல் படித்ததற்கு அந்த மட்டில் பயன் இருக்கிறது.

போக வர சுமார் 400 கிலோமீட்டர். பத்து வருஷமாக இதே பாதை. ஒரே பாதையில் திரும்பத் திரும்பப் போகிறவனுக்கு இரண்டில் ஒன்று நடக்கும்: தூக்கம் வரும், அல்லது கேள்வி வரும். எனக்குக் கேள்வி வந்தது. பாலாற்றங்கரையில் இருக்கும் நம் ஊர்களுக்கும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட அந்தச் சின்னத் துறைமுகப் பட்டினத்துக்கும் என்ன சம்பந்தம்? தேடிப் பார்த்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சரித்திர ஆசிரியர் இல்லை. தப்பிருந்தால் நம் சரித்திரப் பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

போர் கொடுத்த நிலம்

விடியற்காலை நாலரை மணிக்கு ஆம்பூரை விட்டுக் கிளம்பினால் வலது பக்கமும் இடது பக்கமும் மலைகள் கூடவே வரும். இந்த மலைகளுக்கு நடுவே உள்ள கணவாயில்தான் 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூர்ப் போர் நடந்தது. ஆற்காட்டு நவாப் அன்வருதீன் ஒரு பக்கம். சந்தா சாகிப், முசாபர் ஜங், அவர்களுக்குத் துணையாகப் பாண்டிச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படை மறுபக்கம். வயதான நவாப் யானை மேல் இருந்தபடியே போரில் இறந்தார். அவர் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடினார். பிறகு ஆங்கிலேயர் முகம்மது அலி பக்கம் சேர்ந்ததும், 1751-ல் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்ததும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான்.

ஆனால் புத்தகத்தில் அவ்வளவாகச் சொல்லாத ஒன்று உண்டு. பாண்டிச்சேரிக்கு அந்தச் சமயம் வரை கையில் இருந்த நிலம் கொஞ்சம்தான். வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்கள் அதற்குக் கிடைத்தது ஆம்பூர் வெற்றிக்குப் பின்னால்தான். இன்றைக்கும் பாண்டிச்சேரிக்குள் காரில் போனால் ஐந்து நிமிடம் தமிழ்நாடு, ஐந்து நிமிடம் புதுச்சேரி, மறுபடியும் தமிழ்நாடு என்று போர்டுகள் மாறி மாறி வரும். பெட்ரோல் விலையும் கூடவே மாறும்! அந்தக் கோணல் மாணலான எல்லையில் ஒரு பங்கு நம் ஆம்பூர்க் கணவாயில் கிழிக்கப்பட்டது என்றால் நம்புவீர்களா? நான் முதலில் நம்பவில்லை.

அதற்கு முன்பே உறவு இருந்திருக்கிறது. 1740-ல் மராட்டியர் படையெடுத்து வந்து நவாப் தோஸ்த் அலியைக் கொன்றபோது, நவாப் குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் அடைக்கலம் தேடிப் போனது பாண்டிச்சேரிக்குத்தான். கவர்னர் துய்மா அவர்களை விட்டுக் கொடுக்க மறுத்துவிட்டார். அந்தக் காலத்துச் செய்திகளை நாளுக்கு நாள் தமிழில் எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேக்சின் துபாஷாக இருந்த அவர் அடிப்படையில் ஒரு வியாபாரி. துணி வாங்கவும் ஐரோப்பியச் சரக்கு விற்கவும் ஆற்காட்டிலும் நம் ராணிப்பேட்டைப் பக்கத்து லாலாபேட்டையிலும் அவருக்கு வியாபாரத் தொடர்பு இருந்தது. ஆக, இந்தப் பாதையில் சரக்கோடு போய் வந்தவன் நான் ஒன்றும் முதல் ஆளில்லை! 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் பிள்ளை கண்ணை மூடினார்.

நான் வழக்கமாகப் போவது வேலூர், ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் வழி. வந்தவாசியில் டீ குடிக்க நிறுத்துவேன். 1760 ஜனவரி 22 அன்று லாலியின் பிரெஞ்சுப் படையை அயர் கூட் தோற்கடித்த இடம். ஆம்பூரில் பிரெஞ்சுக்காரனுக்குத் திறந்த கதவு பதினோரு வருஷத்தில் வந்தவாசியில் மூடிவிட்டது. டீக்கடைக்காரருக்கு அதெல்லாம் பெரிதில்லை. "சார், டீ ஆறுது" என்பார்.

கடுக்காய்த் தண்ணீர்

இனி நம் தொழிலுக்கு வருகிறேன்.

மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் ஆவாரம் பட்டை போட்டுப் பதனிடுவது நம் நாட்டில் பழைய வித்தை. சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிரை நீக்கி, சதையைச் சீவி, பட்டைத் தண்ணீர்க் குழிகளில் வாரக் கணக்கில் ஊறப் போடுவார்கள். ஆனால் அந்தத் தோலில் ஒரு குறை. வெளிச்சம் பட்டால் நாளாக ஆகச் சிவந்து போகும். ஒரே கட்டில் ஒரு தோல் ஒரு நிறம், இன்னொரு தோல் வேறு நிறம் என்றால் லண்டன் வியாபாரி எப்படி வாங்குவான்?

1840-களில் சார்லஸ் டி சூசா என்ற யூரேசியர் இந்த முறையைத் திருத்தினார் என்று தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பட்டையில் பதனிட்ட தோலைக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டெடுப்பதுதான் அந்தத் திருத்தம். நிறம் வெளிறி ஒரே சீராக வரும். வெயிலில் சீக்கிரம் சிவக்காது. அவர் தோல் கிடங்கு வைத்த ஊர் எது தெரியுமா? பாண்டிச்சேரி!

இதைப் படித்த அன்று என்னால் தூங்க முடியவில்லை. மாசா மாசம் நான் எதைத் தேடிப் போகிறேனோ அது அங்கிருந்துதான் நமக்கு வந்திருக்கிறது. நாம் அவர்களுக்குப் போரில் நிலம் வாங்கிக் கொடுத்தோம். நூறு வருஷம் கழித்து அந்தப் பட்டினம் நமக்கு ஒரு தொட்டி கடுக்காய்த் தண்ணீர் கொடுத்தது. யாருக்கு லாபம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பாண்டிப் பட்டறை ஒன்றில் கட்டிங் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார், நம் பேரணாம்பட்டுப் பக்கத்துக்காரர். இந்தக் கதையை அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் இரண்டு துண்டுத் தோலை எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டினார். ஒன்று கடுக்காய் கண்டது, மற்றது காணாதது. "அடுத்த மாசம் வந்து பாரு தம்பி" என்றார். அடுத்த மாதம் போனேன். ஒன்று அதே வெளிர் மஞ்சளில் இருந்தது. மற்றது செங்கல் மாதிரி சிவந்திருந்தது. நாலு வருஷம் லேப் ரெக்கார்டு எழுதி நான் கற்றுக் கொள்ளாத பாடத்தை அந்த ஜன்னல் சொல்லிக் கொடுத்தது.

அந்தத் தோல்தான் பிறகு உலகச் சந்தையில் "ஈஸ்ட் இந்தியா" தோல் என்று பெயரெடுத்தது. "ஈ.ஐ." என்று நம் ஊரில் சுருக்கமாகச் சொல்வார்கள். இப்போது அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனால் தொழில் பாண்டிச்சேரியில் பெருகவில்லை, நம் பக்கத்தில் பெருகியது. காரணங்கள் சுலபமானவை. பாலாற்று மணலைக் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர். சுற்றிலும் காய்ந்த காட்டில் ஆவாரம் செடி. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கி, பிறகு நம் ஊர்ப் பக்கம் நீண்டது. சரக்கு நேரே சென்னைத் துறைமுகத்துக்குப் போய்விடும். பாண்டிச்சேரிக்கு விழுப்புரத்திலிருந்து ரயில் வந்ததோ 1879-ல்தான். பிரெஞ்சு எல்லை தாண்டிச் சரக்குக் கொண்டு போவதென்றால் சுங்கத் தொல்லை வேறு. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியா கைக்கு வந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஓய்ந்தது. சட்டப்படி முழுதாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16.

கடற்கரையில் நின்று பார்த்தால் அந்தப் பட்டினத்தின் கதையே பாலத்தில் தெரியும். 1866-ல் கட்டிய இரும்புப் பாலம் 1952 புயலில் போயிற்று. 1962-ல் முடித்த புதுப் பாலத்திலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது. கப்பல் வியாபாரம் போனாலும் தோல் வேறு உருவத்தில் பாண்டிக்குத் திரும்பி வந்தது. 1978-ல் அங்கே ஆரம்பித்த ஹைடிசைன் நிறுவனம் தாவரப் பதனீட்டுத் தோலில் பை செய்து பெயர் வாங்கியது. சின்னப் பட்டறைகளும் இருக்கின்றன. எனக்கும் பிழைப்புக் கிடைத்தது.

ஒரு ஸ்லைடு கூட இல்லையே

இதோடு முடித்தால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் எழுத வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் குரோம் பதனீடு வந்தது. பட்டைக் குழியில் வாரக் கணக்கில் ஆகிற வேலை குரோம் உப்பு போட்ட டிரம்மில் ஒரு நாளில் முடியும். 1970-களில் சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு வந்தது. முழுத் தோலாக, ஷூவாக அனுப்பு என்றது அரசு. நல்ல கொள்கைதான். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் வளர்ந்தன. ஷூ கம்பெனி வாசலில் காலையில் வேனிலிருந்து இறங்கும் பெண்கள் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான் என்று. ஆனால் கழிவு நீர் எங்கே போயிற்று? பாலாற்றுக்கும் ஏரிக்கும்தான்.

என் அப்பா தோல் ஷாப்பில் கூலி. சுண்ணாம்புக் குழியில் நின்று வெந்து போன கால் அவருக்கு. அந்தக் கூலியில்தான் எனக்கு செமஸ்டர் பீஸ் கட்டினார். என் ரூம்மேட்டின் அப்பா பாலாற்றங்கரை விவசாயி. அவர்கள் கிணறு உப்பாகி, தென்னை காய்ந்து, கடைசியில் மாட்டையும் விற்றார்கள். நான்கு வருஷம் ஒரே அறையில் இருந்தோம், ஒரே தட்டில் சாப்பிட்டோம், இதைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

இறுதி ஆண்டு செமினாரில் நான் தோல் தொழிலைப் பற்றிப் பேசினேன். ஏற்றுமதி, அந்நியச் செலாவணி, வேலைவாய்ப்பு என்று வெளுத்துக் கட்டினேன். கைதட்டல் பிரமாதம். இரவு ரூமில் அவன் கேட்டான்: "எல்லாம் சொன்னடா. எங்க கிணத்தைப் பத்தி ஒரு ஸ்லைடு கூட இல்லையே?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கப்பா கூலியை நிறுத்திட்டு உங்க கிணத்தை ரொப்பலாமா?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து பேச்சு நின்றது. கான்வொகேஷன் போட்டோவில் இருவரும் ஆளுக்கொரு ஓரத்தில் நிற்போம், பழைய ஆல்பம் வைத்திருப்பவர்கள் பார்க்கலாம்.

அவன் கேட்ட கேள்வியை அவனுக்கு முன்பே நாட்டின் உச்ச நீதிமன்றம் கேட்டிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. தோல் ஷாப்புகள் நிறைந்த இந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ கெட்டுவிட்டது என்ற ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையும், ஆபத்து வருமுன் தடுக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அங்கேதான் உறுதியாகச் சொன்னார்கள். இன்று சட்டக் கல்லூரிகளில் "வேலூர் வழக்கு" என்றே பாடம் நடத்துகிறார்கள். நம் ஊர்ப் பெயர் பாடப் புத்தகத்தில் இரண்டு தடவை வருகிறது. ஒன்று 1806 சிப்பாய்ப் புரட்சிக்கு, மற்றொன்று சாக்கடைக்கு.

அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வலுப்பட்டன. துளி நீரும் வெளியே விடாத முறை என்று சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கியும் வந்தன. ஆனாலும் 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் ராத்திரியில் உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப் போனார்கள். பிழைப்புக்காக எங்கோ வங்காளத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலோர். ஒரு சுவர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது நம் சிவில் மாணவர்கள் இரண்டாம் வருஷத்தில் போடுகிற கணக்கு. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு என் செமினார் ஞாபகம் வந்தது. கைதட்டல் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

பத்து வருஷம் கழித்து, 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், பாலாற்றைச் சீராக்க ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் 28 வருஷம். முதல் தீர்ப்பின்போது தொட்டிலில் இருந்த குழந்தை இப்போது கல்யாணம் செய்து கொண்டிருக்கும்.

காரில் இன்னொரு சீட்

அந்தத் தீர்ப்பு வந்த வாரம் நானே அவனுக்குப் போன் செய்தேன். நம்பர் மாறவில்லை. எடுத்ததும், "என்னடா, ஸ்லைடு போட்டுட்டியா?" என்றான். இத்தனை வருஷம் கழித்து! அடுத்த பாண்டிப் பயணத்தில் காரில் கூட வந்தான். அவனும் இதே உலகத்தில்தான் இருக்கிறான். சுத்திகரிப்பு நிலையங்களில் ஆவியாக்கி மெஷின்களைப் பராமரிக்கும் வேலை. அவன் அப்பா கிணற்றைக் கெடுத்த உப்பைத் தண்ணீரிலிருந்து பிரிப்பதுதான் அவன் சம்பளம்.

பட்டறை ஜன்னலில் கட்டியிருந்த இரண்டு துண்டுகளையும் காட்டினேன். கடுக்காய்க் கதையைச் சொன்னேன். பட்டைத் தோல்தான் சுத்தம், குரோம்தான் குற்றவாளி என்று நான் இழுத்தபோது அவன் விடவில்லை. "ரெண்டுக்கும் முதல்ல வர்றது உப்புடா. தோல் அழுகாம இருக்க உப்புப் போட்டுத்தான் வருது. அதை ஊற வச்சா உப்பு மொத்தமும் தண்ணிக்கு வரும். எங்க கிணத்துக்கு வந்தது அதுதான்" என்றான். உண்மைதான். பட்டை போட்டாலும் குரோம் போட்டாலும் ஊற வைக்கும் தொட்டி ஒன்றுதான்.

திரும்பி வரும்போது செஞ்சி, திருவண்ணாமலை வழியாக வந்தோம். வழியெல்லாம் இதே பேச்சு. ஊற வைப்பதற்கு முன்னாலேயே தோலில் ஒட்டியிருக்கும் உப்பை உதிர்த்து எடுத்துவிட்டால், அந்த மட்டுக்குத் தண்ணீருக்குப் போகிற உப்புக் குறையும். அதற்கு ஓட்டை போட்ட டிரம்மைச் சுழற்றி உதறும் மெஷின் உண்டு. புது விஷயம் இல்லை. ஆனால் சின்ன ஷாப்புகளுக்கு ஏற்ற விலையில், இடத்தை அடைக்காத அளவில் ஒன்று வேண்டும். அதைச் செய்ய ராக்கெட் விஞ்ஞானி தேவையில்லை, மெக்கானிக்கல் மாணவர்கள் நாலு பேர் போதும்.

ஆகவே இந்த ஒன்றுகூடலில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு கோரிக்கை வைக்கிறோம். ஒன்று, அந்த உப்பு உதறும் மெஷினை இறுதி ஆண்டு பிராஜெக்டாக எடுக்கும் குழுவுக்கு இரும்பும் மோட்டாரும் என் செலவு, உப்பு பற்றிய புத்தி அவன் செலவு. இரண்டு, ஆற்றங்கரைக் கிராமங்களில் சில கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, வருஷத்துக்கு இரண்டு முறை உப்பளவை அளந்து நம் கல்லூரி நோட்டில் எழுதி வையுங்கள். கையில் பிடிக்கிற டி.டி.எஸ். மீட்டர் போதும். 28 வருஷம் நீண்ட ஒரு வழக்கில் எத்தனை கிணறு எந்த வருஷம் எப்படி இருந்தது என்று தொடர்ந்து எழுதிய ஒரு நோட்டு எவ்வளவு பெரிய சாட்சி என்று யோசித்துப் பாருங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை செய்தது அதைத்தான். அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கு எழுதினார். அதனால்தான் 1749-ஐப் பற்றி இன்று நான் பேச முடிகிறது.

முதல் கிணறு எது என்று முடிவாகிவிட்டது. என் நண்பனின் அப்பாவிடம் அனுமதி கேட்கப் போனோம். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "இவ்ளோ நாளா எங்கப்பா போயிருந்த?" என்றார்.

"பாண்டிச்சேரிக்கு ஐயா" என்றேன்.